தஞ்சோங் பகார் முனையத்தை என்ன செய்வது? மூடிய ரயில் முனையங்களை வைத்து ஓர் ஒப்பீடு

நகரத்தின் நடுவில் ஒரு ரயில் முனையம் மூடப்பட்டால் மூன்று விஷயங்கள் மிஞ்சும். விலை உயர்ந்த நிலம், பெரிய கூரை, ஊர்க்காரர்களின் நினைவு. நிலத்துக்கு உடனே ஆள் வரும். நினைவுக்கும் ஆள் உண்டு, கடைசி நாளில் கேமராவோடு வந்து நிற்பார்கள். கூரையைப் பார்த்துக்கொள்ளத்தான் யாரும் முன்வர மாட்டார்கள். மழை ஒழுகினால் யார் செலவு செய்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் பத்து வருடம் தாண்டாது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் வழிகளை இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் இது எப்படி மூடப்பட்டது என்று தெரிய வேண்டும். மற்ற ஊர்களில் பல முனையங்கள் கார்களாலும் விமானங்களாலும் மூடப்பட்டன. இங்கே கூட்டம் இருந்தது, ரயிலும் ஓடியது. மூடியதற்குக் காரணம் ஓர் எல்லைக்கோடு.

சிங்கப்பூருக்குள் ரயில் 1903ல் வந்தது. அப்போது முனையம் டேங்க் ரோட்டில் இருந்தது. 1918ல் ஒரு சட்டம் போட்டு இந்த ரயில்பாதையையும் அதன் நிலத்தையும் மலாய் கூட்டு மாநிலங்களின் (இன்றைய மலேசியாவின் ஒரு பகுதி) ரயில்வேயிடம் ஒப்படைத்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி 999 வருடக் குத்தகை. எல்லாமே பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்ததால் அன்றைக்கு அது ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது மாதிரிதான். 1920களில் ஜொகூர் நீரிணையின் மேல் தரைப்பாலம் வந்தது, ரயில் நேராக மலாய் தீபகற்பத்துக்குப் போக ஆரம்பித்தது. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய முனையம் வேண்டும் என்று தஞ்சோங் பகாரில் கட்டி, 1932 மே மாதம் ஆளுநர் சிசில் கிளமென்டி திறந்துவைத்தார். கப்பலிலிருந்து இறங்கியவர் அதிகம் நடக்காமல் ரயில் ஏறலாம். மேல் மாடியில் தங்குவதற்கு ஹோட்டலும் இருந்தது.

கட்டடத்தின் முகப்பில் நான்கு பெரிய வெள்ளைச் சிலைகள். விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று ஒவ்வொன்றும் ஒன்றைக் குறிக்கும். உள்ளே உயரமான கூடம், சுவர்களில் மலாயாவின் பிழைப்பைக் காட்டும் ஓவியங்கள். நெல் நடுகிறார்கள், ஈயம் தோண்டுகிறார்கள், ரப்பர் பால் வடிக்கிறார்கள். அந்த ரப்பர் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களை வரவேற்க அந்த ஓவியத்துக்குக் கீழே எத்தனை தமிழ்க் குடும்பங்கள் காத்து நின்றிருக்கும்! இந்த நிலையம் வெறும் அழகுப் பொருளாகப் போய்விடக்கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1965ல் சிங்கப்பூர் தனி நாடானது. ரயில்பாதையும் முனையமும் மலேசியாவிடமே இருந்தன. ஒரு நாட்டின் தலைநகரப் பகுதியில், கோடிகள் பெறுமான இடத்தில், அடுத்த நாட்டின் ரயில்வே நிலம். 1990 நவம்பரில் சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுதீனும் இந்த நிலத்தைப் பற்றி ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதிலேயே இருபது வருடம் தகராறு. 1998 ஆகஸ்ட்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை எல்லையோரத்து உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா மாற்றவில்லை. அதனால் ரயில் பயணி தஞ்சோங் பகாரில் முதலில் மலேசியாவுக்குள் ‘நுழைந்து’, பிறகு ஊரைக் கடந்து உட்லண்ட்ஸ் போய்ச் சிங்கப்பூரை விட்டு ‘வெளியேறினார்’. உலகத்தில் வேறெங்கும் கேட்டிராத வரிசை. பதிமூன்று வருடம் இப்படியே ஓடியது.

2010 மே மாதம் அன்றைய சிங்கப்பூர் பிரதமர் லீ சியன் லூங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் முடிவுக்கு வந்தார்கள். ரயில் உட்லண்ட்ஸோடு நின்றுவிடும். ரயில்வே நிலத்துக்குப் பதிலாக மரினா சவுத்திலும் ஓபிர்-ரோச்சோரிலும் வேறு நிலம். அதை மேம்படுத்தும் கம்பெனியில் மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 40 சதவீதம். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அதற்கு முன்பே, ஏப்ரலில், நிலையம் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. பல ஊர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. பல நகரங்கள் இடித்த பிறகு வருந்தின. இங்கே ரயில் நிற்பதற்கு முன்பே இடிக்கக்கூடாது என்று தீர்மானமாகிவிட்டது.

ஆக இடிப்பது என்ற வழி சட்டப்படி இல்லை. ஆனால் அதன் தங்கை ஒன்று உண்டு. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுவது. நிலத்தின் மேல் கண் வைத்திருக்கிறவர்கள் எப்போதும் இதைத்தான் கேட்பார்கள், கேட்பதும் நியாயமாகத்தான் தோன்றும்.

இதற்கு ஹாங்காங்கின் கோலூன் முனையத்தைப் பார்க்கலாம். துறைமுகக் கரையில், சிம் ஷா சுய்யில், செங்கல்லும் கருங்கல்லுமாகக் கட்டிய நிலையம். 1975 நவம்பரில் ரயில்கள் ஹங் ஹோமுக்கு மாறின. இடிக்கக்கூடாது என்று மனுக்கள் போயின, பிரிட்டிஷ் அரசி வரை போயின. பயனில்லை. 1978க்குள் நிலையம் போய்விட்டது, 44 மீட்டர் உயர மணிக்கூண்டு மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் வந்த கலாசார மையத்துக்கு உலகத்திலேயே அழகான துறைமுகக் காட்சியைப் பார்த்தபடி நிற்கும் ஜன்னலில்லாத சுவர் என்ற பெயர்தான் மிச்சம். நிலையத்தின் தூண்கள் சிலவற்றை வேறொரு பூங்காவில் நட்டு வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் மணிக்கூண்டைப் படம் எடுக்கிறார்கள். அங்கே ஏறிய ரயில் குவாங்சோ வரை போனது என்பதை அந்தக் கூண்டைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது.

பெர்லினின் அன்ஹால்டர் நிலையம் இதைவிடக் கடுமையான உதாரணம். 1880ல் கட்டிய அந்த முனையத்தின் கூரை சுமார் 60 மீட்டர் அகலத்தைத் தூணில்லாமல் மூடியது. குண்டு விழுந்து சிதைந்து, 1952ல் மூடி, 1959–60ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இப்போது முகப்பின் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது, பின்னால் விளையாட்டு மைதானம். ஆனால் அங்கே அந்தத் துண்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. நாஜிகள் காலத்தில் யூதர்களை முகாம்களுக்கு அனுப்பிய நிலையங்களில் அதுவும் ஒன்று. இடிபாடாகவே நிற்பது அதற்குப் பொருத்தம். தஞ்சோங் பகாருக்கு அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை. அங்கே முகப்பை மட்டும் வைத்தால் ஒரு கண்ணாடி கோபுரத்தின் வாசல் அலங்காரமாகத்தான் போய் முடியும்.

அடுத்தது அருங்காட்சியகம். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான், உடனே பாரீஸின் ஓர்சேயைக் காட்டுவார்கள். காட்டட்டும், ஆனால் முழுக் கதையையும் சேர்த்துக் காட்டட்டும். ஓர்சே முனையம் 1900ல் உலகக் கண்காட்சிக்காகத் திறந்தது. பிளாட்பாரங்கள் நீளமில்லாததால் 1939லேயே தொலைதூர ரயில்கள் நின்றுவிட்டன. பிறகு முப்பது நாற்பது வருடம் என்ன செய்வதென்று தெரியாமல் எதையெதையோ செய்தார்கள். போர் முடிந்து திரும்பிய கைதிகளை அங்கே வைத்து வரவேற்றார்கள். இடித்துவிட்டுப் பெரிய ஹோட்டல் கட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். 1971ல் பாரீஸின் லே ஆல் சந்தைக் கூடங்களை இடித்தபோது எழுந்த கோபம்தான் ஓர்சேயைக் காப்பாற்றியது. 1986 டிசம்பரில் அருங்காட்சியகம் திறந்தது. இன்று வருடத்துக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

அது ஜெயித்ததற்குக் காரணம் கட்டடம் மட்டுமில்லை. மானே, மோனே, வான்கோ என்று உள்ளே தொங்குகிற ஓவியங்களும், பின்னால் நிற்கிற பிரெஞ்சு அரசின் பணமும்தான். சிங்கப்பூரில் பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015லேயே தேசியக் கலைக்கூடம் ஆகிவிட்டன. இன்னொரு பெரிய அருங்காட்சியகத்தை நிரப்ப என்ன வைப்பார்கள்? ரயில் அருங்காட்சியகம் என்றால் வண்டிகள் வேண்டும், ஓடிய வண்டிகளோ மலேசியாவுக்குச் சொந்தம். மறுபடியும் அதே பழைய தகராறு!

பெர்லினின் ஹாம்புர்கர் நிலையத்தின் கதை தஞ்சோங் பகாருக்கு இன்னும் நெருக்கமானது. 1840களில் கட்டி, 1884ல் மூடிய முனையம் அது. 1906ல் போக்குவரத்து அருங்காட்சியகமானது. போருக்குப் பிறகு நகரம் பிரிந்தபோது கட்டடம் மேற்கு பெர்லினில் இருந்தது, ஆனால் நிர்வாகம் கிழக்கு ஜெர்மனியின் ரயில்வேயிடம். ஒரு நாட்டின் நிலத்தில் இன்னொரு நாட்டின் ரயில்வே! 1984 வரை கட்டடம் யாருக்கும் உதவாமல் கிடந்தது. பிறகுதான் கைமாறி, 1996ல் நவீனக் கலைக்கூடமாகத் திறந்தது. அந்தக் காலத்து பெர்லின் முனையக் கட்டடங்களில் தப்பியது இது ஒன்றுதான். நூறு வருடம் பொறுத்திருந்தால் நல்லது நடக்கும் என்றும் சொல்லலாம், நூறு வருடம் வீணானது என்றும் சொல்லலாம்.

சரி, கடைகளும் ஹோட்டலும்? இதை எடுத்த எடுப்பில் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. தஞ்சோங் பகாரிலேயே மேல் மாடியில் ஹோட்டல் இருந்தது. கீழே இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள், பணமாற்றுக் கடை, பத்திரிகைக் கடை எல்லாம் கடைசி நாள் வரை நடந்தன. ரயில் ஏறாதவர்களும் ரொட்டி பரோட்டாவுக்கும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீருக்கும் வந்தார்கள். நிலையத்தின் உயிரில் பாதி அந்தக் கடைகளில்தான் இருந்தது.

ஆனால் முழுக் கட்டடமும் கடைகளை நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சின்சினாட்டி சாட்சி. அங்கே யூனியன் முனையம் 1933ல் திறந்தது. அரைவட்டக் குவிமாடம், சுவர்களில் வினோல்ட் ரைஸ் வடிவமைத்த பிரம்மாண்டமான கண்ணாடிச் சில்லு ஓவியங்கள். அவையும் தஞ்சோங் பகார் ஓவியங்கள் மாதிரி உழைக்கிற மனிதர்களைக் காட்டுபவைதான். இரண்டு நிலையங்களும் ஒரே ஆண்டு இடைவெளியில் திறந்தவை என்பது வேடிக்கை. 1972ல் ரயில் நின்றது. பிளாட்பாரங்களுக்குப் போகும் நீளமான கூடத்தை இடித்தார்கள். அங்கே இருந்த 14 தொழிலாளர் ஓவியங்களைப் பெயர்த்து விமான நிலையத்தில் வைத்தார்கள். நாற்பது வருடம் கழித்து அந்த விமான நிலையக் கட்டடங்களே இடிபட, ஒன்பது ஓவியங்கள் மறுபடி ஊருக்குள் மாநாட்டு மையத்துக்கு வந்தன. வீடு மாறிக்கொண்டே இருக்கிற வாடகைக்காரர் நிலைமை. மிச்சமிருந்த முனையத்தில் 1980ல் வணிக வளாகம் திறந்தார்கள், ஐந்தாறு வருடம்கூடத் தாங்கவில்லை. பிறகு 1990ல் அருங்காட்சியக மையம், 1991ல் ரயிலே திரும்பி வந்தது. 2014ல் கூரையும் சுவரும் பழுதானபோது அந்த மாவட்ட மக்கள் வாக்களித்துத் தங்கள் மேலேயே ஒரு விற்பனை வரியைப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வணிக வளாகம் தோற்றது, ஆனால் கட்டடத்தைக் கெடுக்காமல் தோற்றது. கடைகளை எடுத்தபோது குவிமாடம் அப்படியே இருந்தது. அதனால்தான் அடுத்த முயற்சிக்கு இடம் கிடைத்தது. இடித்த கூடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மான்செஸ்டர் சென்ட்ரலும் இதையே சொல்கிறது. 1880ல் திறந்த அந்த முனையத்தின் ஒற்றை வளைவுக் கூரை 64 மீட்டர் அகலம். 1969 மே மாதம் மூடினார்கள். அடுத்த பல வருடம் அது கார் நிறுத்துமிடம். கேட்கவே அவமானமாக இருக்கும், இல்லையா? ஆனால் கார் நிறுத்துவதற்குக் கூரையை வெட்ட வேண்டியதில்லை, தூண் எழுப்ப வேண்டியதில்லை. துருப்பிடித்த அந்தக் கூடத்தை உள்ளூர் நிர்வாகம் வாங்கிச் சீர்படுத்தி 1986ல் கண்காட்சி மையமாகத் திறந்தது. 2020ல் கொரோனா வந்தபோது அதே தளத்தில் தற்காலிக மருத்துவமனை நடந்தது. காலியான பெரிய தளம் இருந்தால் எதையும் நடத்தலாம். அதே இடத்தை எட்டு மாடியாகப் பிரித்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. இதற்கு நேர்மாறாக பர்மிங்காமில் ஸ்னோ ஹில் நிலையத்தை 1972ல் மூடி, 1977ல் இடித்து, 1987ல் அதே இடத்தில் புதிதாகக் கட்டி ரயில் விட்டார்கள். இடித்ததற்கும் திரும்பத் தேவைப்பட்டதற்கும் இடையே பத்தே வருடம்.

இதைச் சொன்னால், அப்படியானால் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டெட்ராய்ட்டின் மிச்சிகன் சென்ட்ரல் அப்படித்தான் கிடந்தது. 1988 ஜனவரியில் கடைசி ரயில் போனது. ஜன்னல்கள் உடைந்தன, செம்பைத் திருடினார்கள், அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியது. 2009ல் நகர மன்றம் இடித்துவிடலாம் என்று தீர்மானமே போட்டது. 2018ல் ஃபோர்டு நிறுவனம் வாங்கி, ஆறு வருடம் வேலை செய்து, 2024 ஜூனில் திறந்தது. முடிவு நல்லதுதான். ஆனால் ஒரு கோடீஸ்வர நிறுவனம் தேடி வரும் என்று நம்பி முப்பது வருடம் கூரையை மழையில் விடுவதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. அதுவும் சிங்கப்பூர் மழையில்.

தஞ்சோங் பகாருக்கு உண்மையிலேயே தனித்து அமைந்த ஒரு வழி இருக்கிறது. வட்ட ரயில் பாதையின் விட்டுப்போன பகுதியை முடிக்க, நிலையத்துக்கு அடியிலேயே கான்டோன்மென்ட் எம்ஆர்டி (நகர மெட்ரோ ரயில்) நிலையத்தை அமைக்கத் தீர்மானித்தார்கள். அதற்காகப் பழைய பிளாட்பாரங்களில் ஒரு பகுதியை எடுத்துவைத்து, வேலை முடிந்ததும் திரும்ப வைப்பது என்று ஏற்பாடு. இன்னொரு பக்கம், தண்டவாளம் எடுத்த பாதை 24 கிலோமீட்டருக்கு உட்லண்ட்ஸ் வரை பசுமை நடைபாதையாக மாறி வருகிறது. அதன் தென்கோடி இந்த நிலையம். ஆக ஒரு பக்கம் பூமிக்கு அடியிலிருந்து மேலே வருகிறவர்கள், மறு பக்கம் நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்கள். மான்செஸ்டர் சென்ட்ரல் திறந்தபோது இப்படி வாசல் வழியாகக் கூட்டம் தானாக வரவில்லை, கூட்டத்தை அழைக்க வேண்டியிருந்தது.

பாரீஸின் பாஸ்டீல் முனையத்தில் இதில் பாதி நடந்தது. 1969ல் மூடி, 1984ல் நிலையத்தை இடித்து ஓப்பரா அரங்கம் கட்டினார்கள். ஆனால் ரயில் ஓடிய மேம்பாலத்தை விட்டுவைத்து அதன் மேல் தோட்ட நடைபாதை போட்டார்கள். பழைய ரயில் மேம்பாலத்தைப் பூங்காவாக்கிய நியூயார்க் ஹை லைனுக்கு முன்னோடி அதுதான். நடைபாதை அருமை. ஆனால் நடந்து வருகிறவர் கடைசியில் எந்த நிலையத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. சிங்கப்பூரில் பாதையும் இருக்கிறது, முனையமும் இருக்கிறது.

அதனால் என் தேர்வு இது. கூடத்தை முழுக்கப் பொதுவழியாக விட வேண்டும். சீட்டு வாங்காமல், பை சோதனை இல்லாமல், எம்ஆர்டியிலிருந்து வருகிறவர் ஓவியங்களுக்குக் கீழே நடந்து போக வேண்டும். பிளாட்பாரங்களில் நிரந்தரமாக எதையும் கட்டக்கூடாது. வார இறுதிச் சந்தை, கச்சேரி, கண்காட்சி எதுவானாலும் வந்து போகட்டும். பழைய குடிநுழைவு முகப்புகள் இருந்த பகுதியில் மட்டும் சிறிய காட்சியகம் ஒன்று வைக்கலாம், அந்த 999 வருடக் குத்தகையையும் 1998ன் தலைகீழ் வரிசையையும் அங்கே விளக்கினால் போதும். இதற்கு ரயில் வண்டி தேவையில்லை, நாலு வரைபடமும் சில ஆவணங்களும் போதும்.

இதில் பலவீனம் எங்கே என்றால் பணம். பொதுவழி வருமானம் தராது. அருங்காட்சியகமாவது சீட்டு விற்கும், ஹோட்டலாவது வாடகை தரும். கூரைச் செலவை எம்ஆர்டி நிலையத்தின் பராமரிப்புக் கணக்கோடு சேர்த்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்து நடக்கக்கூடிய வழி. தினமும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிற இடத்தில் ஒழுகினால் அன்றைக்கே புகார் போகும், வெறும் தேசியச் சின்னமாக நிற்கும்போது ஒழுகினால் குழு அமைப்பார்கள்.

மேல் மாடி அறைகளைக் குத்தகைக்கு விடலாம், சிறு அலுவலகமோ தங்கும் விடுதியோ எதுவானாலும் சரி. ஆனால் ஒப்பந்தம் ஐந்து வருடத்தைத் தாண்டக்கூடாது, சுவர் எழுப்பவோ எடுக்கவோ குத்தகைக்காரருக்கு உரிமை இருக்கக்கூடாது. கீழ்க் கூடத்தின் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சந்தை வாடகை கேட்டால் காப்பிச் சங்கிலிக் கடைகள்தான் வரும், பழைய மாதிரிக் கடை ஒன்றுகூட வராது. அதனால் அங்கே வாடகையைப் பொதுச் சாப்பாட்டுக் கடைகளின் அளவில் நிர்ணயித்து, அதில் வருகிற நஷ்டத்தை மேல் மாடி வாடகையில் ஈடுகட்ட வேண்டும்.